ஒரே விமானத்தில் பத்து விலை: விடுமுறைப் பயணத்தில் வியாபாரியின் கணக்கு

எமது வியாபாரிகள் கொள்முதலில் காட்டும் கெட்டித்தனத்தைத் தமது சொந்தப் பயணத்தில் காட்டுவதில்லை. ஒரு மூடை மிளகுக்கு ஐம்பது ரூபா குறைப்பதற்காக அரை மணித்தியாலம் நின்று பேரம் பேசுபவர், விடுமுறையில் மனைவி பிள்ளைகளைச் சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ அழைத்துப் போக வேண்டும் என்று வரும்போது, ஒரே ஒரு இடத்துக்குக் கோல் எடுத்து "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். இன்னொரு வகையினர், அந்தத் தொகையைக் கேட்டதும் பயணத்தையே கைவிட்டு விடுகிறார்கள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் முடித்துப் போய்விடுகிறார்கள். வாப்பாவோடு ஒரு தூரப் பயணம் போன ஞாபகம் அவர்களுக்கு இருப்பதில்லை.

இரண்டுமே நஷ்டம்தான். முதலாவது பண நஷ்டம். இரண்டாவது நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

நான் அலுவிகாரையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பவன். கணினி படித்தவன் அல்ல; பாடசாலைக் கல்வியோடு கடைக்கு வந்தவன். ஆனால் இன்டர்நெட்டில் விமான ரிக்கட்டும் ஹோட்டல் அறையும் விற்கப்படும் முறையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தபோது, அது எமக்குத் தெரியாத வித்தை அல்ல என்பது விளங்கியது. அதுவும் ஒரு சந்தைதான். சந்தையின் குணம் தெரிந்தவனுக்கு விலை குறைகிறது, தெரியாதவனுக்குக் கூடுகிறது. இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

ஆசனமும் தக்காளியும்

தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் போய் வருபவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். விற்காத தக்காளி நாளைக்கு உதவாது. ஆகவே பொழுது சாயும்போது விலை இறங்கும். விமான ஆசனமும் அப்படிப்பட்ட சரக்குத்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலியாகப் போன ஆசனத்தின் பெறுமதி பூச்சியம்.

அப்படியானால் கடைசி நேரத்தில் ரிக்கட் மலிவாகக் கிடைக்க வேண்டுமே? பலரும் இப்படி நினைத்துத்தான் கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்கிறார்கள். ஆனால் நடப்பது நேர்மாறானது. கடைசி நேரத்தில் ரிக்கட் கேட்டு வருபவர் யார்? ஜனாஸாவுக்குப் போக வேண்டியவர், சத்திர சிகிச்சைக்குப் போக வேண்டியவர், கொள்கலன் துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட வியாபாரி. இவர்கள் என்ன விலை என்றாலும் வாங்குவார்கள் என்பது விமானக் கம்பனிக்குத் தெரியும். எனவே முதலில் வருபவனுக்கு மலிவாகக் கொடுத்து, அவசரத்தில் வருபவனுக்காகச் சில ஆசனங்களைக் கூடிய விலையில் ஒதுக்கி வைக்கிறார்கள்.

இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கு 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசாங்கக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1981இல் ஆரம்பித்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கம்பனி பெரிய கம்பனிகளின் வாடிக்கையாளர்களை இழுக்கத் தொடங்கியது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் ஒரு பதிலடி கொடுத்தது. எல்லா ஆசனங்களையும் மலிவாக்கவில்லை. முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும், காலியாகப் போகக்கூடிய ஆசனங்களைக் கணினி மூலம் கணக்கிட்டு, பீப்பிள் எக்ஸ்பிரஸின் விலைக்கே கொடுத்தது. மிகுதியைப் பழைய விலைக்கே விற்றது. இரண்டு வருடங்களில், 1987இல், பீப்பிள் எக்ஸ்பிரஸ் இல்லாமல் போயிற்று. இன்று எல்லாக் கம்பனிகளும் இதையே செய்கின்றன.

ஆகவே ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் இருக்கும் பத்துப் பேர் பத்து விலை கொடுத்திருக்கலாம். ஆசனங்கள் விலைப்படி பல தட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவான தட்டில் உள்ளவை விற்று முடிந்ததும் அடுத்த தட்டு திறக்கும். "நேற்றுப் பார்த்த விலை இன்றைக்கு இல்லை நானா, நான் பார்த்ததைக் கம்பியூட்டர் கண்டுகொண்டது" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. அந்தத் தட்டில் இருந்த ஆசனத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உபாயம் கிடைக்கிறது. ஐந்து பேருக்கு ஒன்றாகத் தேடும்போது, மலிவுத் தட்டில் இரண்டு ஆசனம் மட்டுமே மீதி இருந்தால், பெரும்பாலான கம்பனிகளின் கணினி ஐந்து பேருக்கும் அடுத்த தட்டின் விலையையே காட்டும். எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். பிறகு இருவருக்கு, பிறகு ஐவருக்கு. விலை மாறினால், இரண்டு பேரின் ரிக்கட்டைத் தனியாகவும் மூன்று பேரினதைத் தனியாகவும் எடுக்கலாம். ஆனால் சிறு பிள்ளைகளைப் பெரியவர் இல்லாத பதிவில் போடக் கூடாது. விமான நேரம் மாற்றப்பட்டாலும் இரண்டு பதிவுகளையும் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது.

எப்போது போவது என்பதே பாதி விலை

மலிவு ரிக்கட் தேடுவதில் எந்த இணையத்தளம் என்பதை விட எந்தத் திகதி என்பதே முக்கியம். டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை எல்லா நாட்டாரும் பயணம் செய்கிறார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் நிறையும். தீபாவளி, பொங்கல் காலத்தில் தமிழ்நாட்டுக்கான ஆசனங்கள் இறுகும். பெருநாட்களை ஒட்டி வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களின் விலை என்னவென்று அங்கு பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை.

எமது சமூகத்தவர் பலரும் கவனிக்காத ஒரு வசதி எமக்கு இருக்கிறது. நோன்பு காலத்துக்காக முஸ்லிம் பாடசாலைகளின் தவணைகளும் விடுமுறைகளும் ஏனைய பாடசாலைகளிலிருந்து வேறுபட்டு வருகின்றன. ஊரெல்லாம் பாடசாலை நடக்கும்போது எமது பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் விமானத்தில் மட்டுமல்ல, நுவரெலியாவிலும் பாசிக்குடாவிலும் கூட அறை விலை இறங்கியிருக்க வாய்ப்புண்டு. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா போய், வாகன நெரிசலில் அரை நாளைக் கழித்து, இரட்டிப்பு விலைக்கு அறை எடுப்பது தேவையில்லாத வேலை. எசல பெரஹராக் காலத்தில் கண்டியில் அறை தேடுவதும் அப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, வருட ஆரம்பத்தில் பாடசாலைத் தவணை அட்டவணையைக் கையில் எடுப்பது. இரண்டாவது வேலை, கடையின் சுறுசுறுப்பான மாதங்களைக் கழிப்பது. மிஞ்சும் நாட்களில் செவ்வாய், புதன் போன்ற வார நடு நாட்களைப் பாருங்கள். வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு வருவதை எல்லோரும் விரும்புவதால் அதற்கு விலை அதிகம். கடைக்காரனுக்கு ஞாயிறும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். அரசாங்க உத்தியோகத்தருக்கு இல்லாத சுதந்திரம் எமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

தேடுவது ஓரிடம், வாங்குவது வேறிடம்

விலை ஒப்பிடும் தளங்கள் ஒரு வகை. 2003இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய ஸ்கைஸ்கேனர், 2011இல் வந்த கூகிள் பிளைட்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ரிக்கட் விற்கும் கடைகள் அல்ல. எந்தக் கடையில் என்ன விலை என்று காட்டும் தரகர்கள். முழு மாதத்துக்கும் நாளுக்கு நாள் விலையைக் காட்டும் வசதி இவற்றில் உண்டு. ஒரு வழித்தடத்தைக் குறித்து வைத்தால் விலை மாறும்போது மின்னஞ்சலும் அனுப்பும். இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது வகை, எக்ஸ்பீடியா, இந்தியாவின் மேக்மைட்ரிப் போன்ற இணைய முகவர்கள். இவை ரிக்கட்டை விற்கின்றன. மூன்றாவது, விமானக் கம்பனியின் சொந்தத் தளம்.

எனது ஆலோசனை இதுதான். ஒப்பிடும் தளத்தில் தேடுங்கள். விமானத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கம்பனியின் சொந்தத் தளத்துக்குப் போய் அதே ரிக்கட்டைப் பாருங்கள். வித்தியாசம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபா என்றால் கம்பனியிடமே வாங்குங்கள். காரணம், விமானம் இரத்தானால் இணைய முகவரிடம் வாங்கியவரைக் கம்பனி முகவரிடம் அனுப்பும். முகவர் கம்பனியிடம் அனுப்புவார். நடுவில் நிற்பவர் நீங்கள். 2020இல் கொவிட் காலத்தில் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இப்படித்தான் பணத்துக்காக அலைந்தார்கள்.

பக்கத்து விமான நிலையங்களையும் பாருங்கள். தமிழ்நாடு என்றால் சென்னை மட்டுமல்ல. கொழும்பிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் விமானம் உண்டு. கேரளப் பக்கம் திருவனந்தபுரமும் கொச்சியும் உண்டு. நாகூருக்கோ காயல்பட்டினத்துக்கோ உறவினரைப் பார்க்கப் போகிறவர் சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் போவதை விட, திருச்சியிலோ மதுரையிலோ இறங்குவது காசும் நேரமும் மிச்சம்.

எம் பக்கத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அலுவிகாரை ஊடாகப் போகும் ஏ9 வீதியின் மறு முனை யாழ்ப்பாணம். பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட்டால் நின்ற சென்னைச் சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் ஆரம்பித்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சேர்ந்துகொண்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கான கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. மழைக்காலத்தில் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்கும் செலவையும் யாழ்ப்பாணத்துக்கான பஸ் செலவையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். சிலருக்கு யாழ்ப்பாணம் இலாபமாக இருக்கும். ஒரு இரவு தங்க வேண்டி வந்தால் இருக்காது. கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

மலிவு ரிக்கட்டின் முழு விலை

மலிவு விமானக் கம்பனிகள் இப்பிராந்தியத்தில் பெரும் மாற்றத்தைச் செய்தன. 2001இல் டோனி பெர்னாண்டஸ் கடனில் மூழ்கியிருந்த எயார் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். 2003இல் ஷார்ஜாவில் எயார் அரேபியா ஆரம்பித்தது. எமது நாட்டில் 2007இல் மிஹின் லங்கா வந்தது, 2016இல் மூடப்பட்டது. தனியார் துறையில் பிட்ஸ்எயார் 2022இல் வெளிநாட்டுப் பயணிகள் சேவையைத் தொடங்கியது.

இவர்கள் விற்பது ஆசனத்தை மட்டுமே. பயணப்பொதி, சாப்பாடு, விரும்பிய ஆசனம் எல்லாவற்றுக்கும் தனி விலை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, முன்பே எழுதியிருப்பார்கள். வாசிக்காமல் வாங்குவது எமது பிழை.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். மலிவுக் கம்பனியில் போய்வர ரிக்கட் 40,000 ரூபா. பொதிக்குப் போக 7,000, வர 7,000. சாப்பாடு இரு தடவை 3,000. ஆசனத் தெரிவு இரு தடவை 2,000. மொத்தம் 59,000. பொதியும் சாப்பாடும் அடங்கிய வழமையான கம்பனியின் ரிக்கட் 55,000 என்றால், மலிவு என்று நினைத்து வாங்கியது ஆளுக்கு 4,000 ரூபா கூட. ஐந்து பேருக்கு 20,000 ரூபா.

இதே கணக்கை வேறு மாதிரிப் போடலாம். ஐந்து பேருக்கும் பொதி தேவையா? நான்கு நாள் பயணத்துக்கு இரண்டு பொதி போதும். ஐந்து ரிக்கட் 200,000, இரண்டு பொதிக்குப் போகவும் வரவும் 28,000. சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு, கிடைத்த ஆசனத்தில் இருந்தால் மொத்தம் 228,000. வழமையான கம்பனியில் 275,000. மிச்சம் 47,000 ரூபா. அதே கம்பனி, அதே விமானம். எதை வாங்குகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் இலாபமும் நஷ்டமும்.

திரும்பி வரும்போது சாரியும் சல்வாரும் கட்டி வரும் எண்ணம் இருந்தால், வரும் வழிக்கான பொதியை ரிக்கட் எடுக்கும்போதே அல்லது இணையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விமான நிலையத்தில் தராசில் ஏற்றிய பிறகு வாங்கினால் விலை பல மடங்காகும்.

பிள்ளைகளின் வயதையும் கவனியுங்கள். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மடியில் வைத்துச் செல்லும் குறைந்த கட்டணம். போகும்போது 2 வயது நிரம்பாமல், திரும்பும்போது நிரம்பியிருந்தால் திரும்பும் வழிக்கு ஆசனம் வாங்க வேண்டி வரும். வழமையான கம்பனிகள் பல 2 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்குக் கழிவு தருகின்றன. மலிவுக் கம்பனிகள் பெரும்பாலும் தருவதில்லை. பிள்ளைகள் கூடிய குடும்பத்துக்கு இது கணக்கையே மாற்றிவிடும்.

பெயரில் ஓர் எழுத்து

எமது சமூகத்தவருக்கு இணையப் பதிவில் வரும் பெரிய தொல்லை பெயர். இணையப் படிவம் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். எமது பெயர்களோ வாப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், இரண்டிலும் ஒரு முஹம்மத் என்று நீளும். முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் எழுதப் பல விதம் உண்டு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு வேறொரு விதம் பதியப்பட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவர், குடும்பத்துக்கான ரிக்கட்டைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி எடுப்பித்தார். தம்பி கேட்ட காதில் எழுதினார். மனைவியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளது போல இல்லை. திருத்துவதற்குக் கட்டணம், அன்றைய விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம் என்று சேர்ந்து, மிச்சம் பிடித்த தொகை முழுவதும் போயிற்று. பயணம் கிடைத்தது; சந்தோஷம் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு இலகுவான வழி உண்டு. கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், அடியில் இரண்டு வரிகள் கோணக் குறிகளோடு அச்சிடப்பட்டிருக்கும். முதல் வரியில் நாட்டின் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். இரண்டு கோணக் குறிகளுக்குப் பிறகு வருவது ஏனைய பெயர்கள். விமான நிலைய இயந்திரம் வாசிப்பது இதைத்தான். அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். தேசிய அடையாள அட்டையைப் பார்த்தோ ஞாபகத்திலிருந்தோ எழுத வேண்டாம். ஒரே பெயர்தான் இருக்கிறது, அல்லது பெயர் படிவத்தில் அடங்காத அளவு நீளம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் கம்பனியைத் தொடர்புகொண்டு கேளுங்கள். கடவுச்சீட்டு பயணத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்கேனும் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பல நாடுகள் கேட்கின்றன. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், ரிக்கட்டுக்கு முன் அந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தைப் பார்ப்பதே அறிவு.

ஹோட்டலும் அலுவிகாரைக் கொமிஷனும்

ஹோட்டல் பதிவுத் தளங்களை அலுவிகாரைக்காரனுக்கு விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகும் உல்லாசப் பயணிகள் எமது வீதியால்தான் போகிறார்கள். விகாரையைப் பார்க்க நிற்கிறார்கள், வாசனைத் திரவியத் தோட்டங்களில் இறங்குகிறார்கள். வாகனத்தை எந்தத் தோட்டத்தில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் சாரதி அல்லது வழிகாட்டி. பயணி வாங்கும் சாமானில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு வானத்திலிருந்து விழுவதில்லை. எண்ணெய்ப் போத்தலின் விலைக்குள் இருக்கிறது.

1996இல் நெதர்லாந்தில் ஆரம்பித்த புக்கிங் டொட் கொம், 2005இல் ஆரம்பித்த அகோடா போன்ற தளங்களும் அந்தச் சாரதி செய்யும் வேலையையே செய்கின்றன. வாடிக்கையாளரை வாசலுக்குக் கொண்டு வருகின்றன. பொதுவாக 15 சதவீதமளவில், சில வேளை அதற்கு மேலும் கொமிஷன் எடுக்கின்றன. நீங்கள் தளத்தில் 10,000 ரூபா என்று பார்க்கும் அறைக்கு, ஹோட்டல்காரர் கையில் சேர்வது 8,500 ரூபா அளவில்தான். நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, "9,000 ரூபாவுக்குத் தருவீர்களா? நேரடியாக வருகிறேன்" என்று கேட்டால் அவருக்கும் 500 மிச்சம், உங்களுக்கு 1,000 மிச்சம்.

முன்பு, வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்று தளங்கள் ஹோட்டல்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வது வழக்கம். ஐரோப்பாவில் இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. புதிய சட்டத்தின் பின் 2024இல் புக்கிங் டொட் கொம் அங்கு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. எமது நாட்டுச் சிறிய ஹோட்டல்காரர் விலையைக் குறைக்கத் தயங்கினாலும், காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தரவோ, பிள்ளைகளுக்கு மேலதிகக் கட்டில் போடவோ பெரும்பாலும் சம்மதிப்பார். எதுவும் கேட்டால்தான் கிடைக்கும்.

உள்நாட்டில் தங்குவதென்றால் இன்னொன்று. வெளிநாட்டவருக்கு ஒரு விலையும் இலங்கையருக்குக் குறைந்த விலையும் வைத்திருக்கும் ஹோட்டல்கள் பல. உலகத் தளங்களில் இந்த உள்நாட்டு விலை எப்போதும் தெரிவதில்லை. தொலைபேசியில் கேட்டு, போகும்போது அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருந்தால் நிதானம் தேவை. 20,000 ரூபா அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22,000. அதன்மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரி சேர்ந்தால் 25,960. ஏனைய சிறு வரிகளை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய 6,000 ரூபா கூட. ஒப்பிடும்போது கடைசி விலையைக் கடைசி விலையோடு ஒப்பிட வேண்டும்.

இரத்துச் செய்யக்கூடிய அறை, இரத்துச் செய்ய முடியாத அறை என்று இரண்டு விலை இருக்கும். பயணத் திகதி உறுதியில்லை என்றால் முதலாவதை எடுத்து வைத்து, இலவசமாக இரத்துச் செய்யும் கெடு முடியும் வரை வேறு விலைகளையும் பாருங்கள். குறைந்த விலை கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு முதலாவதை இரத்துச் செய்யலாம். ஹலால் சாப்பாடு, குடும்பத்தோடு தங்கக்கூடிய சூழல் போன்றவற்றைத் தளத்தின் படங்களை நம்பித் தீர்மானிக்காமல், தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

டொலர் விலையில் மறைந்திருப்பது

வெளிநாட்டுத் தளத்தில் டொலரில் கட்டும்போது வங்கி தனது மாற்று விகிதத்தோடு கட்டணமும் சேர்க்கும். பயணத்துக்கு முன் உங்கள் வங்கியில் அது எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். வெளிநாட்டு ஹோட்டலிலோ கடையிலோ, "உங்கள் நாட்டு ரூபாவிலேயே கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்தில் கட்டுங்கள். ரூபாவில் காட்டும் தொகையில் அவர்களது மாற்று இலாபமும் சேர்ந்திருக்கும்.

டொலரில் பதிந்து, போய்ச் சேர்ந்த பிறகு கட்டும் அறையில் வேறொரு ஆபத்து உண்டு. 2022 ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 100 டொலர் அறை 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. அந்த வருடம் இறக்குமதி செய்த எவருக்கும் இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

கடனட்டைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சேவை கிடைக்காவிட்டால் வங்கி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ பெர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தியபோது, ரிக்கட் எடுத்தவர்கள் திடீரென்று நடுவழியில் நின்றார்கள். ஆனால் கடனட்டைத் தொகையை உரிய திகதியில் முழுமையாகக் கட்ட முடியாதவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல். வட்டி என்பது எமக்கு ஆகாத விடயம் என்பது ஒரு புறம். மிச்சம் பிடித்ததை விட அது அதிகமாகத் தின்றுவிடும் என்பது மறுபுறம். டெபிட் காட் பயன்படுத்துபவர்கள், தேவையான தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கொன்றை இதற்கென வைத்திருப்பது பாதுகாப்பு.

மோசடி பற்றியும் ஒரு சொல். ஹோட்டலின் பெயரில் வாட்ஸ்அப்பில் செய்தி வரும். "உங்கள் காட் இலக்கத்தை மீண்டும் உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அறை இரத்தாகும்" என்று இருக்கும். பதில் அனுப்பாமல், தளத்தில் உள்ள ஹோட்டலின் இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். முகநூல் விளம்பரத்தில் பாதி விலைக்கு ரிக்கட் தருபவர் பணத்தை ஒரு தனிநபர் கணக்குக்குப் போடச் சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள். ரிக்கட் கையில் வந்ததும் ஆறு எழுத்துப் பதிவு இலக்கத்தை விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். 2008 ஜூன் முதல் கடதாசி ரிக்கட் வழக்கொழிந்து எல்லாம் மின் ரிக்கட்டாகிவிட்டது. வழமையான கம்பனிகளின் மின் ரிக்கட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். பதிவு இலக்கம் மட்டும் இருந்து ரிக்கட் எண் இல்லாவிட்டால், ஆசனம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதே தவிர, பணம் கம்பனிக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

முகவரைக் கைவிடுவதா?

இத்தனையும் எழுதியதும், மாத்தளையிலும் கண்டியிலும் ரிக்கட் கந்தோர் வைத்திருக்கும் சகோதரர்களின் வயிற்றில் அடிக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர்களும் சிறு வியாபாரிகளே. முன்பு அவர்களுக்கு விமானக் கம்பனி கொமிஷன் கொடுத்தது. 1995இல் அமெரிக்காவின் டெல்டா கம்பனி அதற்கு ஒரு எல்லை போட்டது. 2002இல் அங்கு அடிப்படைக் கொமிஷனே நிறுத்தப்பட்டது. மற்ற நாடுகளும் அந்த வழியே போயின. இன்று முகவர் தனது உழைப்புக்கு உங்களிடம் கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

எங்கு முகவர் தேவை? நேரான, போய்வரும் சிறு பயணத்தை நீங்களே எடுக்கலாம். மூன்று நாடுகள், விசாக்கள், வயோதிபப் பெற்றோர், பதினைந்து பேர் கொண்ட கூட்டுப் பயணம் என்றால் நல்ல முகவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் அல்ல. நடு இரவில் விமானம் இரத்தானால் தொலைபேசியை எடுக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் இணையத்தில் கண்ட விலையை அவரிடம் ஒளிக்காமல் காட்டுங்கள். "இதுதான் விலை, உங்கள் கட்டணம் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல முகவர் சில வேளை அதை விடக் குறைந்த குழுக் கட்டணத்தை எடுத்துத் தருவார். அரை மணித்தியாலம் அவரது அறிவை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் ரிக்கட் எடுப்பது மட்டும் வேண்டாம். எமது கடையில் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வாங்குபவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம் என்பது எமக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. நேரமும் பணம்தான். 1,500 ரூபா குறைப்பதற்காக மூன்று இரவு கண்விழித்துத் தேடுவது வியாபாரம் அல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு முன் தேடத் தொடங்குங்கள். ஒரு வாரம் விலையின் போக்கைப் பாருங்கள். நியாயமான விலை வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு மீண்டும் விலை பார்க்க வேண்டாம். விற்ற மிளகின் மறுநாள் விலையைக் கேட்பவனுக்கு நித்திரை வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். வீட்டிலுள்ளவர்களின் கடவுச்சீட்டுகளை எடுத்துத் திகதிகளைப் பாருங்கள். பாடசாலைத் தவணை அட்டவணையில் ஐந்து நாட்களைக் குறியுங்கள். வீட்டில் கணினி தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் இருத்தி, அந்த ஐந்து நாட்களுக்கான விலையைத் தேடச் சொல்லுங்கள். தொகை கைக்கு எட்டினால் போங்கள். எட்டாவிட்டால், இன்றிலிருந்து கடை வருமானத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்கினால் அடுத்த வருடம் எட்டும் என்று ஒரு கடதாசியில் எழுதி, பணப் பெட்டிக்குள் வையுங்கள். அப்போதுதான் "அடுத்த வருஷம்" என்ற வார்த்தைக்கு ஒரு கணக்கு இருக்கும்.